பின் படிக்கட்டு

“நாளைக்குங்கிறவன் எங்க ஏறணும்?”னு வடிவு கேக்கா. கையில மார்க்கர். போர்டுல பஸ் படம். என் பஸ்ஸு. ஆமா, என் பஸ்ஸுதான் அது, முன்னால டிரைவர் சீட்டுல ஐ, ஹி, ஷி, அதுக்கு அடுத்தாப்ல கண்டக்டரா வில், கேன், ஷுட், மஸ்ட், விசில் அவன் வாயில, அவன் ஊதாம வண்டி நகராது, அதுக்கு அப்புறம் இன்ஜின், கம், கோ, ஸ்பீக்னு வேலை செய்யுதவன், இவங்க மூணு பேரும் இடம் பிடிச்ச பிறகுதான் பயணி ஏறணும், அதும் பின் படிக்கட்டு வழியா, எப்படிங்கிறவன் முதல்ல, எங்கங்கிறவன் அடுத்து, எப்போங்கிறவன் எல்லாருக்கும் கடைசில ஓடி வந்து தொத்துவான். ஒரு வார்த்தை விடாம ஒப்பிக்கா மூதி. சக்கரத்தக்கூட நான் போடுத மாதிரியே ஒண்ணப் பெருசாவும் ஒண்ணச் சின்னதாவும் போட்டிருக்கா. எனக்கு வட்டம் போட வராது, அதனால அப்படி. இவளுக்கு என்ன கேடு? தெருக் கோலப் போட்டியில பரிசு வாங்குனவ இவ. நான் மூணாவது வரிசையில, நீலச் சேலையில, யாரோ எவளோ மாதிரி உக்காந்திருக்கேன். எங்க சென்டர் வழக்கம் அது. டெமோ கிளாஸ்னா ஹால் நிறைஞ்சிருக்கணும், காலிச் சேரைப் பாத்தா வந்த ஆளும் எந்திரிச்சுப் போயிருவான்னு டைரக்டர் சார் சொல்லுவாரு, அதனால அன்னைக்குப் பாடம் எடுக்காத மிஸ்ஸுங்க ஐடி கார்டக் கழட்டிப் பையில போட்டுட்டு, இங்கிலீஷ் படிக்க வந்த பொம்பளை மாதிரி கூட்டத்துக்கு நடுவுல உக்காரணும். டம்மின்னு பேரு. டம்மி ஒருத்தி எந்திரிச்சுத் தப்பா ஒரு வாக்கியம் சொல்லணும், மிஸ் அதத் திருத்தணும், ஜனம் கைதட்டணும். வருஷக்கணக்கா நானும் வடிவும் மாறி மாறி ஒருத்திக்கு ஒருத்தி டம்மி உக்காந்திருக்கோம். அவ தப்பாச் சொல்லும்போது கண்ண உருட்டுவா, எனக்குச் சிரிப்ப அடக்க முடியாது. இன்னைக்குத் தப்பாச் சொல்ல வேண்டியவ நான். ஐ வில் டுமாரோ கம். நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு சொல்லிப் பழகுன நம்ம வாய்க்கு டுமாரோ முன்னாலதான் வந்து விழும். நம்ம ஊர்ல நாளைக்குங்கிறவன் முன் படிக்கட்டுல ஏறி லேடீஸ் சீட்டுல போய் உக்காந்துக்குவான், இங்கிலீஷ் பஸ்ல கண்டக்டர் விடமாட்டான். இதுவும் நான் சொன்ன ஜோக்குதான். இப்ப அதத்தான் சொல்லுதா, ஜனம் சிரிக்கு.

முன் வரிசையில வெள்ளைச் சட்டையில உக்காந்திருக்காரே, அவருதான் தூத்துக்குடிக்காரரு. அங்க கிளை தொடங்கப் போறாரு. பஸ் கிளாஸ் பத்திக் கேள்விப்பட்டு, அதப் பாக்கணும்னே வந்திருக்காரு. இன்னைக்கு யாரு எடுக்காளோ அவதான் தூத்துக்குடிக்கு ஹெட்டாப் போவா. அது நான்தான்னு மாசக்கணக்கா எல்லாருக்கும் தெரியும். இன்னைக்குக் காலையில விடியக்கருக்கல் ஆராதனைக்குப் போயி, ஆண்டவரே இந்த ஒண்ணையாவது குடும்னு முழங்கால் போட்டுட்டு, கஞ்சி போட்ட சேலையக் கட்டிக்கிட்டு, கொக்கிரகுளம் பாலத்துல பஸ் ஊரும்போது வாய்க்குள்ளயே பாடத்த ஓட்டிப் பாத்துக்கிட்டு வந்து மாடியேறுனா, வாசல்லயே டைரக்டர் சார், “மலர் மிஸ், இன்னைக்கு வடிவு மிஸ் எடுக்கட்டும், நீங்க டம்மி உக்காந்துருங்க”ங்காரு. ஏன் சார்னு கேட்டேன். அவரு என் மூஞ்சியப் பாக்கல. கீழ டயர் கடையில ஏதோ லாரி நிக்குத மாதிரி ஜன்னல் வழியா அங்கயே பாத்துக்கிட்டு, “அப்புறம் பேசுவோம் மிஸ், கார்டக் கழட்டிருங்க”ன்னாரு. உள்ள வடிவு போர்டத் துடைச்சுக்கிட்டு நிக்கா. திரும்பவே இல்ல. அவ முதுகுக்குத் தெரியும் நான் வந்து நிக்கது. அந்தப் பஸ்ஸ நான் எங்க பிடிச்சேன் தெரியுமா? பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போற டவுன் பஸ்ல, கூட்டத்துல ஒரு கால் மேல ஒரு கால் வச்சு நிக்கும்போது, பின்னால ஒருத்தன் ஓடி வந்து தொத்துனான், கண்டக்டர் வைய வைய அவன் சிரிக்கான், அந்தானைக்கு என் மண்டையில விளக்குப் போட்ட மாதிரி இருந்துச்சு, அட, எப்போங்கிறவன் இவன்தானே! இறங்கி நேரா வடிவு வீட்டுக்குத்தான் ஓடுனேன். வேற யாருகிட்டச் சொல்லுவேன்? அவ அடுக்களையில தோசை மாவு கரைச்சுக்கிட்டு நின்னா, மாவுக் கையோட என்னக் கட்டிப்பிடிச்சா, ஜாக்கெட்டெல்லாம் மாவு. “ஏட்டி மலரு, நீ பெரிய ஆளாயிருவட்டி!” அந்த வாய்தான். போன வாரம்கூட, ஆத்துப் பாலத்துக்கிட்ட பஜ்ஜி தின்னுக்கிட்டு நிக்கும்போது, “நீதான்டி போணும், நான் குறுக்க வந்தேன்னா என்னச் செருப்பக் கழட்டி அடி”ன்னா. கழட்டட்டா? இப்பக் கழட்டட்டா? இத்தன ஜனத்துக்கு முன்னால?

தூத்துக்குடின்னா எனக்கு ஹெட் வேலை மட்டுமா? அது இவளுக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரவுக துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாக. கல்யாணமான நாள்லருந்து அவுக அங்க, நான் இங்க. சனிக்கிழமை சாயங்காலம் வருவாக, ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுட்டு, கொஞ்சம் தூங்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டுப் போயிருவாக. பேருக்குப் புருஷன் பொண்டாட்டி. குழந்தைக்காக மருந்துக்குப் போன இடத்துல டாக்டரம்மாவே கேலி பண்ணுனாங்க, முதல்ல ஒரே வீட்ல இருங்கம்மா, மருந்தெல்லாம் பிறகு பாக்கலாம்னு. நான் சிரிச்சேன், வெளிய வந்து ஆட்டோவுல அழுதேன். அவுக என் கையப் பிடிச்சு, “வீடு பாத்துரலாம் மலரு, ஒரே வீட்ல இருந்துரலாம்”னாக. நல்ல மனுஷன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாக. எத்தன தடவை சொல்லிருப்பாக, பாத்துரலாம், வந்துரலாம், இருந்துரலாம். நான்தான் எப்போன்னு கேட்டதில்ல. கேட்டா நச்சரிக்கான்னு நினைச்சுட்டா? வாரத்துல ஒரு நாள் வார மனுஷன்கிட்டயா சண்டை போடுவாக? இந்த வாரம் கப்பல் வந்திருக்காம், ஞாயித்துக்கிழமையும் வேலையாம், வர முடியலன்னாக. ஆனா காலையில போன் போட்டாக, “நல்லாப் பண்ணு மலரு, முடிஞ்சதும் கூப்பிடுதேன்”னு. முன்னெல்லாம் வாரம் முழுக்கப் போட்ட சட்டை மூட்டையா வரும், உப்புக் காத்து வாடையோட, நான் ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஊறப் போடுவேன். இப்பக் கொஞ்ச காலமா துவைச்சுத் தேச்சே கொண்டுவாராக. உனக்கு எதுக்குச் சிரமம்னு. மடிப்புகூட அழகா, சட்டைக் கைய உள்ளாற மடிச்சு, நான் எந்தக் காலத்துலயும் அப்படி மடிச்சதில்ல. தேய்ப்புக் கடைக்காரன் நல்லாச் செய்யுதான்னு நினைச்சுக்கிட்டேன். பாவம், பொண்டாட்டி பக்கத்துல இல்லாத மனுஷன் கடையில கொடுத்துத் துவைக்கது. அதுக்காகத்தானே இந்தக் கிளைக்கு நான் இத்தன பாடுபட்டேன். ஒரு வீடு, ஒரு கொடி, ஒரே கொடியில என் சேலையும் அவுக சட்டையும். இதெல்லாம் வடிவுகிட்டத்தான் சொன்னேன். என் அம்மாகிட்டகூடச் சொல்லாதத அவகிட்டச் சொன்னேன். அவளும் கஷ்டப்பட்டவதான், அவ புருஷன் அடுத்த தெருவுலயே இன்னொருத்திகூடக் குடித்தனம் பண்ணுதான், காய்கறி வாங்கப் போனாகூட அந்த மூஞ்சியில முழிக்கணும். அவளுக்கு நான் எத்தன ராத்திரி போன்ல துணையிருந்திருப்பேன். அதுக்கா இது? தின்ன வீட்டுக்கே நெருப்பு வைக்கதா? சீ, அழக்கூடாது. டம்மி அழக்கூடாது. பக்கத்துச் சேர்ல ஒரு அம்மா வாயத் தொறந்து போர்டையே பாத்துக்கிட்டிருக்கு, அதுக்குப் பாடம் புரியுது, கண்ணு மின்னுது. எனக்கே பெருமையா இருக்கு ஒரு நொடி. அடுத்த நொடி அந்தப் பெருமை யாருக்குப் போவுதுன்னு நினைச்சாப் பத்திக்கிட்டு வருது.

ஒண்ணு இருக்கு. அவகிட்ட நான் சொல்லாதது ஒண்ணு இருக்கு. இந்தப் பஸ்ல ஒரு ஓட்டை. நெவர், ஆல்வேஸ்னு ரெண்டு பேர் இருக்கானுவ, அவனுவ பின் படிக்கட்டுக்கே போமாட்டானுவ, கண்டக்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வந்து நின்னுக்குவானுவ. ஐ வில் நெவர் லீவ் யூ. உன்ன விட்டுட்டு ஒருநாளும் போமாட்டேன். போன மாசம் ஒரு காலேஜ் பிள்ளை கேட்டு என்னையே மடக்கிட்டா. ஒரு வாரம் யோசிச்சு, அவனுவ பாஸ் வச்சிருக்கவனுவ, அதான் கண்டக்டர் பக்கத்துலயே நிக்கானுவன்னு ஒரு வழி கண்டுபிடிச்சேன். வடிவுகிட்டச் சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள டெமோ அலைச்சல்ல மறந்துபோச்சு. சொல்லல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சொல்லல. கேப்பேன். எந்திரிச்சு அந்தக் கேள்வியக் கேப்பேன். தூத்துக்குடிக்காரரு பாக்கட்டும், திருடுன பஸ்ஸ ஓட்டத் தெரியாம இவ முழிக்கத. சேலைத் தலைப்பப் பிடிச்சு முறுக்கிக்கிட்டே இருக்கேன், கஞ்சி மொடமொடங்குது. கேட்டுட்டா பிறகு? பிறகு இவகூடப் பேச்சு உண்டா? மத்தியானச் சோத்த யாருகூடத் தின்ப? இவ டப்பாவுலருந்து எடுக்காம எனக்குச் சோறு இறங்குமா? போடி கோட்டிக்காரி, இப்பவும் சோத்தப் பத்தி நினைக்க. “மூணாவது வரிசையில, நீலச் சேலை அம்மா, நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க பாப்போம்.” அம்மாவாம். நான் எந்திரிக்கேன். மொத்த ஹாலும் திரும்புது. டைரக்டர் சார் கதவுகிட்ட நின்னு தலைய ஆட்டுதாரு, சொல்லுங்கங்கிற மாதிரி. வடிவு என்னப் பாக்கா. பயந்திருப்பான்னு நினைச்சேன். பயம் இல்ல அந்தக் கண்ணுல. வேற என்னமோ. யாரு வீட்டுலயாவது சாவு விழுந்து, துட்டிக்குப் போனாப் பாப்போமே, அந்தப் பார்வை. என்னத்துக்கு என்ன அப்படிப் பாக்கா? நாக்கு ஐ வில் டுமாரோ கம்னு புரளப் பாத்துச்சு, பழக்கம், பிடிச்சு நிறுத்திட்டேன். “மிஸ், எனக்கு ஒரு சந்தேகம். நெவர்னு ஒருத்தன் இருக்கானே, அவன் ஏன் மிஸ் பின்னால ஏறாம நடுவுல நிக்கான்?” டைரக்டர் சார் மூஞ்சி செத்துப்போச்சு. வடிவு மார்க்கர மூடுனா, தொறந்தா. சரி, மாட்டுனா. மாட்டிக்கிட்டா! “அவனா? அவன் கண்டக்டருக்கு மச்சான்மா. டிக்கெட் எடுக்க மாட்டான், பின்னால போன்னாலும் போமாட்டான், மாமா பக்கத்துலயே நின்னுக்கிட்டுப் போற வார ஆளுக்கெல்லாம் சட்டம் பேசுவான்.” ஹாலே குலுங்குது. தூத்துக்குடிக்காரரு தொடையில தட்டிச் சிரிக்காரு. பக்கத்து அம்மா என் கைய இழுத்து, “மச்சானாம்லா!”ங்குது. நானும் சிரிச்சுட்டேன். சத்தியமா, எனக்கே சிரிப்பு வந்துட்டு, ஏன்னா என் பாஸ்காரனவிட அவ மச்சான் நல்லாருக்கான். அதுதான் வயித்தெரிச்சல். கைதட்டு நிக்கவே மாட்டேங்குது. “நல்ல கேள்வி, உக்காருங்கம்மா”ன்னா. உக்காந்தேன்.

டீயும் சமோசாவும் கொடுத்தாங்க. தூத்துக்குடிக்காரரு என்கிட்ட நேரா வந்துட்டாரு. “கேள்வி அருமையாக் கேட்டீங்கம்மா. கூச்சப்படாம சேந்துருங்க, ஒண்ணு ரெண்டு மாசத்துல நல்லாப் பேசிருவீங்க.” சரி சார்னேன். வேற என்ன சொல்ல? பையில கிடக்குத கார்ட எடுத்துக் காட்டவா? டீய வச்சுட்டு மாடிப்படிக்கு வந்துட்டேன். டயர் கடை ரப்பர் வாடை மேல வரைக்கும் வருது. பின்னாலயே செருப்புச் சத்தம், தெரியும், வடிவு. “ஏட்டி மலரு.” நான் திரும்பல. “ஏட்டி, நில்லு.” “பேசாத. ஒரு வார்த்தை பேசாத. நன்றிகெட்டவளே, உனக்கு என்னட்டி குறை வச்சேன்?” “வையி, நல்லா வையி. வஞ்சுட்டு நான் சொல்லுதக் கேளு.” ஒரு படி கீழ இறங்கி வந்தா. “முந்தாநாள் உன் வீட்டுக்காரரு டைரக்டர் சாருக்குப் போன் பண்ணுனாரு. சார் ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, நான் எதிர்லதான் இருந்தேன். மலரத் தூத்துக்குடிக்கு மட்டும் போட்டுறாதீங்க சார், அவளுக்கு இங்க சரிப்படாது, நான் பேசுனேன்னு அவகிட்டச் சொல்லவும் வேண்டாம்னாரு.” படிக்கட்டுக் கம்பியப் பிடிச்சேன். பொய். பொய் சொல்லுதா. தப்பிக்கதுக்குச் சொல்லுதா. ஆனா டைரக்டர் சார் ஏன் என் மூஞ்சியப் பாக்கல? “நீ ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லல?” “எப்படிச் சொல்ல? நீ வீட்டுக்குக் கொடி கட்டுத வரைக்கும் நினைச்சு வச்சிருக்க. எனக்கு வாய் வரல.” “அப்போ பஸ்ஸ எடுக்க மட்டும் கை வந்துச்சோ?” கீழ யாரோ டயருக்குக் காத்தடிக்கான், அந்தச் சத்தத்துக்கு மேல குரலெடுத்துச் சொன்னா. “பொய் சொல்ல மாட்டேன். சார் கேட்டாரு. எனக்கும் இந்த ஊர விட்டுப் போணும்டி. அந்த மூஞ்சியில தினமும் முழிக்க முடியல. அதான் எடுத்துட்டேன்.” இவள அடிக்கணும்னு இருக்கு. இவ தோள்ல சாஞ்சு அழணும்னும் இருக்கு. ரெண்டுல எதச் செஞ்சாலும் நான் ஒரு மனுஷியா இருக்கமாட்டேன்னு தோணுச்சு, அதனால ஒண்ணும் செய்யாம நின்னேன். அவுக சட்டை ஞாபகத்துக்கு வந்துச்சு. கைய உள்ளாற மடிச்ச சட்டை. தேய்ப்புக் கடையில அப்படியா மடிப்பாங்க? நான் எந்தக் கடையிலயும் பாத்ததில்லையே. வேண்டாம். அந்தப் பக்கம் போவாத மனசே, வேண்டாம்.

போன் அடிச்சது. சொன்ன மாதிரியே, முடிஞ்சதும் கூப்பிடுதாக. வடிவு திரையப் பாத்துட்டு நாலு படி மேல போயி நின்னுக்கிட்டா. எடுத்தேன். “என்னாச்சு மலரு? துறைமுகத்துலதான் நிக்கேன், வேலைக்கு நடுவுல ஓடி வந்து பேசுதேன்.” எவ்வளவு பிரியமான குரலு. இந்தக் குரலுக்குத்தான் வாரம் பூரா காத்திருப்பேன். “வடிவுக்குக் கொடுத்துட்டாங்க”ன்னேன். “அடப்பாவமே! வடிவா? கூடவே இருந்து குழி பறிச்சுட்டாளே! நான் அப்பவே நினைச்சேன், அவ பார்வையே சரியில்லன்னு.” எப்படி இப்படிச் சொல்ல முடியுது? மூச்சுகூட மாறல. அவுக... அவுகளாம் அவுக. மரியாதை ஒரு கேடு. “சரி விடு, மனசப் போட்டுக் குழப்பிக்காத. அழுதியா? அழாத. இது போனா இன்னொண்ணு. பாத்துக்கலாம். நாம ஒரே வீட்ல இருக்கத்தான் போறோம்.” கண்டக்டர் விசில் ஊதிட்டாரு. இத்தன வருஷமும் ஊதிக்கிட்டேதான் இருக்காரு. எப்போங்கிறவன் ஏறுவான்னு நான் பின் படிக்கட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். “எப்போ?”ன்னேன். “என்ன?” “எப்போன்னு கேட்டேன். ஒரே வீட்ல. எப்போ?” போனக் காதோட அமுக்கிக்கிட்டு நின்னேன். கிரேன் சத்தம் இல்ல, லாரிச் சத்தம் இல்ல, காத்துகூட இல்ல, வீட்டுக்குள்ள ஃபேன் ஓடுத சத்தம்தான். அப்ப ஒரு குக்கர் விசில் அடிச்சது, கிட்டத்துல, அடுத்த அறைங்கிற மாதிரி. “மலரு...”ன்னு ஆரம்பிச்சாரு. நின்ன இடத்துலருந்துதான் பேசுதாரு, குரல் ஒரு அடிகூட நகரல. விசில் பாதியில நின்னுபோச்சு. அடுப்ப அணைச்சது அவரு இல்ல.